எவ்வளவுக்குக் குறைந்தால் வேண்டாம் என்போம்? முதலீட்டுக்கு முன் போட வேண்டிய கணக்கு



சபரிலிருந்து விடுப்பில் வரும் சகோதரர் ஊரில் இறங்கிய மூன்றாம் நாளே முதலீட்டு யோசனைகள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் ஒருவர், "காக்கா, பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி ஒன்னு கைமாறுது, இருபது லட்சம் இருந்தா எடுத்துடலாம்" என்பார். இரவு விருந்தில் மச்சான், "பைபாஸ்ல மனை போடுறாங்க, இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது" என்பார். வாட்ஸ்அப்பில் சாச்சா மகன், "லட்சத்துக்கு மாசம் மூவாயிரம், ஹலாலான பிசினஸ்தான், ஆலிம்களே போட்டிருக்காங்க" என்று எழுதியிருப்பார். விடுப்போ நாற்பது நாள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் பாலைவனத்தில் சேர்த்த பணம் எங்கே போகும் என்பது அந்த நாற்பது நாளுக்குள் முடிவாகிவிடுகிறது.

இந்த மூவரிடமும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு கிடைக்கும்?" அதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. எவ்வளவுக்குக் குறைந்தால் இதில் நான் இறங்க மாட்டேன்? இதைப் பெரும்பாலும் நாம் கேட்பதே இல்லை. அதனால் எதிரில் இருப்பவர் சொல்லும் எண்ணே நமக்கு அளவுகோலாகி விடுகிறது. அவர் பன்னிரண்டு சதவீதம் என்றால் பன்னிரண்டு நல்லதாகத் தெரிகிறது, முப்பத்தாறு என்றால் முப்பத்தாறு அதைவிட நல்லதாகத் தெரிகிறது.

பெரிய நிறுவனங்கள் இப்படிச் செய்வதில்லை. புதிய இயந்திரம் வாங்குவதா, இன்னொரு ஊரில் கிளை திறப்பதா என்று யோசிக்கும் முன்பே, "போடும் முதலுக்கு ஆண்டுக்கு இத்தனை சதவீதமாவது வராது என்றால் அந்தத் திட்டம் மேசைக்கே வர வேண்டாம்" என்று ஓர் எண்ணை நிர்ணயித்து வைத்திருப்பார்கள். இதுதான் ஏற்கத்தக்க குறைந்தபட்ச வருவாய் விகிதம். பேச்சு வசதிக்காக இதை நாம் 'வாசல்படி' என்று வைத்துக்கொள்வோம். படியைத் தாண்டுகிற யோசனை உள்ளே வந்து உட்காரலாம், பேசலாம். தாண்டாதது வெளியிலிருந்தே ஸலாம் சொல்லிப் போய்விட வேண்டியதுதான்.

வட்டி வேண்டாம் என்பதால் படி பூஜ்யமா?

இங்கே நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நிதிப் பாடப் புத்தகங்கள் இந்தப் படியை வட்டியிலிருந்தே கட்டத் தொடங்கும். வங்கியிலோ அரசுக் கடன் பத்திரத்திலோ பணத்தைப் போட்டுச் சும்மா இருந்தாலே இவ்வளவு வரும், ஆகவே வியாபாரம் அதற்கு மேல் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். நமக்கோ அந்த வாசலே இல்லை. வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கிய அல்லாஹ்வின் கட்டளை (2:275) நமக்குப் போதுமானது. ஆனால் இதிலிருந்து நம் சகோதரர்கள் பலர் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வட்டி நமக்கு இல்லை, ஆகவே நம் பணத்துக்கு அடிமட்டம் பூஜ்யம், எது கிடைத்தாலும் லாபம்தான் என்று நினைக்கிறார்கள். ஆண்டுக்கு மூன்று சதவீதம் தரும் கடையைக்கூட "ஹலாலா வருதுல்ல, போதும்" என்று பத்து ஆண்டு இழுத்துக்கொண்டிருப்பதற்கு இந்த நினைப்புதான் காரணம்.

பூஜ்யம் அடிமட்டம் அல்ல. பணம் சும்மா இருந்தால் அப்படியே இருப்பதில்லை என்பதை ஷரீஅத்தே நமக்குக் காட்டித் தருகிறது. நிஸாபை எட்டிய பணத்துக்கு ஆண்டுதோறும் இரண்டரை சதவீதம் ஸகாத் கடமை. அநாதைகளின் பொருளை ஸகாத் தின்றுவிடாதபடி அதைக் கொண்டு வியாபாரம் செய்யுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்னது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. அநாதையின் பொருளில் ஸகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நாம் இங்கே கவனிப்பது அதற்குள் இருக்கும் கணக்கை. பொறுப்பாளர் ஒருவர் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு "பத்திரமாக இருக்கிறது" என்று சொல்ல முடியாது.

ஸகாத் கொடுப்பதால் செல்வம் குறைவதில்லை, பரக்கத்தே உண்டாகிறது என்பது நம் ஈமான். எண்ணிக்கையில் மட்டும் பார்த்தால், பத்து லட்சத்தை எதிலும் போடாமல் ஆண்டுதோறும் ஸகாத் மட்டும் கொடுத்து வந்தால் பத்தாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 7 லட்சத்து 76 ஆயிரம் இருக்கும். இதோடு விலைவாசியையும் சேர்க்க வேண்டும். சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீத அளவில், ஏறினாலும் 6-ஐத் தாண்டாமல் வைத்திருப்பதுதான் ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இலக்கு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் ஏறும் வேகம் நம் வீட்டுக் கணக்கில் அதைவிட அதிகமாகவே படுகிறது. ஆகவே நாம் 6 என்றே வைப்போம். பத்தாண்டுக்குப் பின் அந்த 7 லட்சத்து 76 ஆயிரத்துக்கு இன்றைய மதிப்பில் 4 லட்சத்து 33 ஆயிரத்துக்கான பொருளைத்தான் வாங்க முடியும். பத்து லட்சத்தில் பாதிக்கும் மேல் யாரும் திருடாமலே போயிருக்கும்.

விலைவாசிக்கு ஆறு, ஸகாத்துக்கு இரண்டரை. ஆக, நின்ற இடத்தில் நிற்பதற்கே ஆண்டுக்கு எட்டரை சதவீதம் வேண்டும். கடையாக இருந்தால் அடுப்பு, அலமாரி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கு ஸகாத் இல்லை, சரக்குக்கும் ரொக்கத்துக்கும்தான் உண்டு. அதனால் உண்மையான எண் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் எட்டரையிலேயே நிற்பது பாதுகாப்பு. இது லாபத்தின் தொடக்கமே அல்ல. இதற்கு மேல் வருவதுதான் லாபம்.

பேக்கரிக் கணக்கு

இப்போது அந்த இருபது லட்ச ரூபாய் பேக்கரியைப் பார்ப்போம். விற்கிறவர் கணக்கு நோட்டைத் திறந்து காட்டுகிறார். கரண்ட், வாடகை, மாஸ்டர் சம்பளம், மைதா, டால்டா எல்லாம் போக மாதம் முப்பதாயிரம் கையில் நிற்கிறது. ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், அதாவது இருபது லட்சத்துக்கு 18 சதவீதம். படியைத் தாராளமாகத் தாண்டிவிட்டது போலத் தெரிகிறது.

அந்த முப்பதாயிரத்தில் யாருடைய சம்பளம் எழுதப்படவில்லை? கல்லாவில் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை உட்காரப் போகும் நம்முடைய சம்பளம். அதே சகோதரர் வேறொருவர் கடையில் மேனேஜராக இருந்தால் மாதம் இருபதாயிரம் வாங்குவார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். அது அவருடைய உழைப்புக்கு உரியது, பணத்துக்கு உரியதல்ல. அடுத்து, இருபது லட்சத்தில் எட்டு லட்சம் ஓவன், மிக்ஸர், ஷோகேஸ், ஃபிரிட்ஜ் என்று போயிருக்கிறது. பத்தாண்டில் அவை காயலான் கடைக்குத்தான் போகும். ஆண்டுக்கு எண்பதாயிரம் தேய்மானம். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது நாற்பதாயிரம். இருபது லட்சத்துக்கு 2 சதவீதம்!

கடை நடக்கும் கட்டடம் நம் சொந்தமாக இருந்தால் இன்னும் ஒன்றைக் கழிக்க வேண்டும். நாம் கடை வைக்காவிட்டால் அந்தக் கட்டடத்துக்கு வந்திருக்கும் வாடகையை. "சொந்தக் கட்டடம், வாடகையே இல்லை" என்று பெருமையாகச் சொல்கிற பல கடைகள், உண்மையில் கட்டடத்தின் வாடகையைத் தின்றுதான் உயிரோடு இருக்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த 2 சதவீதத்தைப் பார்த்த பிறகும் ஒரு சகோதரர் அந்தப் பேக்கரியை எடுக்கலாம். பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க வேண்டும், வயதான உம்மாவின் பக்கத்தில் இருக்க வேண்டும், இனி சபர் போதும் என்று அவர் நினைத்தால் அதைத் தவறென்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவருக்கு மாதம் முப்பதாயிரம் போல வந்து சேரும் வீட்டு வாழ்க்கை அது. ஆனால் ஊரில் இருப்பதற்காக இவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும். பதினெட்டு சதவீத லாபம் என்று நம்பி, மைத்துனரிடமும் இன்னொரு ஐந்து லட்சம் வாங்கிப் போட வேண்டாம்.

மனை

நம் ஊர்களில் யாரும் கேள்வி கேட்காத முதலீடு மனைதான். "ஆறு லட்சத்துக்கு வாங்கினேன், பத்து வருஷத்துல பன்னிரண்டு லட்சம், டபுள்!" என்று சொல்வதைக் கேட்காத திருமண விருந்து இல்லை. கணக்கைப் பார்ப்போம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், எழுத்துக்கூலி என்று வாங்கும்போதே அறுபதாயிரம் போயிருக்கும். விற்கும்போது புரோக்கருக்கு இரண்டு சதவீதம் என்றால் இருபத்து நான்காயிரம். ஆக, 6 லட்சத்து 60 ஆயிரம் போட்டுப் பத்தாண்டு கழித்து 11 லட்சத்து 76 ஆயிரம் வாங்கியிருக்கிறோம். கூட்டு விகிதத்தில் ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கும் ஒரு பொட்டுக் குறைவு. விற்கும் நோக்கத்தில் வாங்கிய மனைக்கு ஆண்டுதோறும் அன்றைய சந்தை மதிப்பில் ஸகாத் உண்டு என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. அதையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் மிஞ்சியது ஏறக்குறைய மூன்றரை. விலைவாசியோடு ஒப்பிட்டால் அந்தப் பத்தாண்டில் பணம் தேய்ந்துதான் இருக்கிறது. 'டபுள்' என்ற சொல்லுக்கு எத்தனை ஆண்டில் என்ற துணைக் கேள்வி இல்லாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை.

எல்லா மனையும் இப்படி என்று சொல்லவில்லை. நான்கு ஆண்டில் இரட்டிப்பானதும் உண்டு. அப்படியானால் ஆண்டுக்குப் பதினெட்டு, பத்தொன்பது சதவீதம். ஆனால் பைபாஸ் வரும், காலேஜ் வரும் என்று சொல்லி விற்கப்பட்டு இன்றும் கருவேலம் மண்டிக் கிடக்கும் மனைகளை யாரும் விருந்தில் சொல்வதில்லை.

படியை எவ்வளவு உயரத்தில் வைப்பது?

எட்டரை என்பது தேயாமல் இருப்பதற்கு மட்டும். பணம் போய்விடும் ஆபத்துக்கு அதற்கு மேல் வைக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் தெரிந்த இதுபோன்ற கூட்டு வியாபாரங்களை விரல் விட்டு எண்ணுங்கள். பத்தில் எத்தனை முதலோடு மூழ்கின? ஆண்டுக்குப் பத்தில் ஒன்று முழுவதுமாகப் போகிறது என்று வைத்தால், மொத்தத்தில் எட்டரை நிற்பதற்கே மற்ற ஒன்பதும் தலைக்கு இருபதரை சதவீதம் தர வேண்டும். இருபதில் ஒன்றுதான் போகிறது என்றால் மீதிப் பத்தொன்பதும் பதினான்கு தந்தால் போதும்.

இதை வைத்து நம் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம். பல ஆண்டுகள் நடந்துவரும் கடை, கணக்கு எழுதும் பழக்கம் உள்ள உரிமையாளர், நேரில் போய்ப் பார்க்கக்கூடிய தூரம் என்றால் 13 முதல் 15 வரை படியை வைக்கலாம். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு 20-க்குக் கீழே இறங்கக் கூடாது. எங்கே நடக்கிறது, என்ன விற்கிறது என்றே தெரியாத தொழிலுக்குப் படியே இல்லை, கதவை மூட வேண்டியதுதான். ஏமாற்றுக்காரரிடம் நாற்பது சதவீதம் கேட்டு ஆபத்தைச் சரிக்கட்ட முடியாது. அவர் நாற்பதுக்கும் தலையாட்டுவார்.

நம் கையில் இருக்கும் வேறு ஹலாலான வழிகளையும் படியோடு ஒப்பிட வேண்டும். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டால் அதன் விலை மதிப்பில் பொதுவாக ஆண்டுக்கு 2, 3 சதவீதம்தான் வாடகையாக வரும், விலை ஏற்றம் தனி. ஷரீஅத் அளவுகோலில் வடிகட்டிய பங்குகளில் மட்டும் முதலிடும் டாட்டா எத்திகல் ஃபண்டு போன்ற திட்டங்களும் நம் நாட்டில் உண்டு. அவை ஏறும், இறங்கும், சில ஆண்டு நஷ்டமும் காட்டும். ஆனால் அவசரத்துக்கு விற்றுச் சில நாளில் பணமாக்கலாம். மச்சானின் கடையில் போட்ட பணத்தை அப்படி எடுக்க முடியாது. எடுக்க முடியாத பணத்துக்குப் படி இன்னும் கொஞ்சம் உயர வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாப் பணத்துக்கும் உரியதல்ல. அடுத்த ஆண்டு மகளின் திருமணத்துக்கு வைத்த பணம், ஹஜ்ஜுக்கு எடுத்து வைத்த பணம், கணவரை இழந்த சகோதரி மாதச் செலவுக்கு நம்பியிருக்கும் பணம் ஆகியவற்றை எந்தச் சதவீதத்துக்காகவும் வியாபார ஆபத்தில் இறக்கக் கூடாது. கஷ்டத்தில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்கும் கைமாற்றுக்கும் படி இல்லை. அது கர்ழ ஹஸனா, அதன் வருவாயை அல்லாஹ்விடம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான குடும்பச் சண்டைகள் தொடங்குவது இங்கேதான். கொடுக்கும்போது உதவி என்று கொடுப்போம். கடை நன்றாக ஓடத் தொடங்கியதும் அதைப் பங்கு என்று நினைக்கத் தொடங்குவோம்.

மனதில் இருக்கலாம், பத்திரத்தில் கூடாது

"முதலுக்கு இத்தனை சதவீதம் என்று நினைப்பதே வட்டி மனப்பான்மை இல்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். நம் கட்டுரையின் மையமும் இதுதான். ஒரு வியாபாரத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு நாம் மனதில் வைத்துக்கொள்ளும் எண் வட்டி அல்ல. ஓர் ஊரில் கடை வைத்தால் ஓடுமா என்று பார்ப்பது போன்ற கணிப்பு அது. அதே எண்ணைப் பத்திரத்தில் எழுதி, "என் பத்து லட்சத்துக்கு ஆண்டுக்குப் பதினைந்து சதவீதம் தர வேண்டும்" என்று நிபந்தனை வைத்தால், அந்த நொடியே அது கடனும் வட்டியும் ஆகிவிடுகிறது. பெயர் முழாரபா என்று இருந்தாலும் சரிதான்.

முழாரபாவில் ஒருவர் பணம் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். லாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று என்று பங்கு பேசலாம். முதலில் இத்தனை சதவீதம் என்று பேசக் கூடாது. உழைப்பவரின் கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நஷ்டம் வந்தால் பணத்தின் நஷ்டம் பணம் போட்டவருக்கு, உழைத்தவருக்கு அவர் உழைப்பு வீண். இருவரும் பணம் போடும் முஷாரகாவில் நஷ்டம் அவரவர் முதலின் அளவுப்படி.

அப்படியானால் மனதில் இருக்கும் படி எதற்குப் பயன்படும்? பங்கு பேசுவதற்கு. ஒரு சகோதரர் பத்து லட்சத்தில் ரெடிமேட் கடை வைக்க முழாரபா கேட்கிறார். ஆண்டுக்கு மூன்று லட்சம் லாபம் வரும் என்று இருவரும் கணக்குப் பார்த்து நம்புகிறோம். நம் படி 15 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம். அப்படியானால் பாதிக்குப் பாதி பேசலாம். அவருக்கும் ஒன்றரை லட்சம் நிற்கும், மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அதில் அவர் குடும்பம் நடக்குமா என்பதையும் நாமே கேட்க வேண்டும். இரண்டு லட்சம்தான் லாபம் வரும் என்றால், நம் படியை எட்ட முக்கால் பங்கு கேட்க வேண்டியிருக்கும். அவருக்கு ஆண்டுக்கு ஐம்பதாயிரம். மாதம் நான்காயிரத்துச் சொச்சத்தில் எந்த மனிதரும் அமானிதத்தோடு ஒரு கடையை நடத்த முடியாது. ஆகவே அந்தக் கடை வேண்டாம். இப்படி மறுப்பதில் கசப்பு இல்லை. "உங்கள் மேல் நம்பிக்கை இல்லை" என்று சொல்லத் தேவையில்லை. காகிதத்தை முன்னால் வைத்து, இருவருக்கும் இது கட்டாது என்று காட்டிவிடலாம்.

எதிர்பார்த்த மூன்று லட்சத்துக்குப் பதில் ஒரு லட்சம்தான் வந்தால் நமக்கு ஐம்பதாயிரம், அவ்வளவுதான். பேசியது பாதி. மனதில் இருந்த ஒன்றரை லட்சத்தை அவரிடம் கேட்க முடியாது.

"லட்சத்துக்கு இரண்டாயிரம்"

ஊர்தோறும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. கடை வைத்திருக்கும் ஒருவரிடம் அக்கம்பக்கத்து வீடுகள் ஆளுக்கொரு லட்சம், இரண்டு லட்சம் என்று கொடுக்கின்றன. லட்சத்துக்கு மாதம் இரண்டாயிரம் 'லாபம்'. ரமலானில் விற்பனை எகிறினாலும் இரண்டாயிரம், மழைக்காலத்தில் கடை காற்று வாங்கினாலும் இரண்டாயிரம். மாறாத லாபம் எப்படி லாபமாகும்? நாற்பது லட்சம் வாங்கியவர் மாதம் எண்பதாயிரம் கொடுக்க வேண்டும். கடையில் ஐம்பதாயிரம்தான் நின்ற மாதத்தில் மீதி முப்பதாயிரத்தை முதலிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பெயர் கெடக் கூடாதே! அடுத்து, முதலில் விழுந்த ஓட்டையை அடைக்கப் புதிதாக ஒருவரிடம் வாங்குவார். அவர் மோசடிக்காரராகத் தொடங்கியவர் அல்ல. ஆனால் அந்த மாறாத இரண்டாயிரம் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒருநாள் ஷட்டர் இறங்கும்போது பணம் போட்ட வீடுகள் மட்டுமல்ல, அவர் வீடும் தெருவுக்கு வருகிறது.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. பதிவு இல்லாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, முறையான அனுமதியின்றிப் பொதுமக்களிடம் இப்படி வைப்புத் தொகை வாங்குவதே குற்றம். கூட்டாளி ஒருவர் தன் முதலாகப் போடும் பணமும், தனிநபர் தன் உறவினரிடம் வாங்கும் கடனும் அதில் வராது. ஆகவே முறைப்படி கூட்டாண்மைப் பத்திரம் எழுதிக்கொள்வது மார்க்கத்துக்கும் பொருந்துகிறது, வாங்குபவருக்கும் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் ஏமாந்தவர்கள் போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப் பிரிவு. முதலீட்டாளர் நலன் காக்க 1997-ஆம் ஆண்டிலேயே மாநிலச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் போன பணம் சட்டத்தின் வழியாகத் திரும்பி வருவதற்குள் சின்னப் பிள்ளைகள் பெரியவர்களாகி விடுகிறார்கள்.

இனி, சாச்சா மகன் அனுப்பிய "லட்சத்துக்கு மூவாயிரம்". மாதம் 3 சதவீதம். வருகிற மூவாயிரத்தையும் அதிலேயே மறுபடி போட்டால் இரண்டு ஆண்டில் பணம் இரட்டிப்பு, பத்து ஆண்டில் ஒரு லட்சம் 34 லட்சத்துக்கும் மேல். இதை உண்மையிலேயே செய்யத் தெரிந்தவர் தன் சொந்தப் பத்து லட்சத்தைப் போட்டால் பத்தாண்டில் மூன்றரைக் கோடி ஆகிவிடும். அவர் எதற்காக நம் வீட்டு ஒரு லட்சத்தைத் தேடி, ஏஜென்டுக்குக் கமிஷனும் கொடுத்து வர வேண்டும்?

லாபத்துக்கு ஷரீஅத்தில் உச்ச வரம்பு இல்லை என்று அவர்கள் ஆதாரம் காட்டுவார்கள். உண்மைதான். நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்கி வரும்படி கொடுத்த ஒரு தீனாரில் உர்வா (ரலி) அவர்கள் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஒரு தீனாரோடும் ஓர் ஆட்டோடும் திரும்பி வந்தார்கள். நபியவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள் என்று புகாரியில் வருகிறது. ஆனால் உர்வா (ரலி) அவர்கள் புறப்படும்போதே நூறு சதவீதம் தருவதாக வாக்களித்துப் போகவில்லை. சந்தையில் கிடைத்ததைக் கொண்டுவந்து காட்டினார்கள். வியாபாரத்துக்கும் வாக்குறுதிக்கும் உள்ள தூரம் அதுதான்.

பெங்களூருவின் ஐ மானிட்டரி அட்வைசரியை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹலால் முதலீடு என்ற பெயரில் பல்லாயிரக்கணக்கானோரிடம், அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்தினர், பணம் திரட்டிய நிறுவனம் அது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டுவிட்டு துபைக்குப் போய்விட்டார். ஜூலையில் டெல்லி திரும்பியபோது கைது செய்யப்பட்டார். பூட்டிய அலுவலகத்தின் முன் புர்காவோடு வரிசையில் நின்ற பெண்களின் படங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. தாடியும் தொப்பியும் ஃபத்வாவும் இருந்தன. எந்தச் சரக்கு, என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்றதால் இந்த லாபம் வந்தது என்ற கணக்குதான் முதலீட்டாளர்கள் கையில் இல்லை. ஆகவே வாசலில் கீழ்ப்படி ஒன்று வைப்பது போல, நிலைக்கு மேலேயும் ஒரு கட்டை வைக்க வேண்டும். நமக்குத் தெரிந்த நேர்மையான கடைக்காரர்கள் சம்பளமும் தேய்மானமும் போக அதிகபட்சம் எவ்வளவு பார்க்கிறார்களோ அதுதான் மேல்கட்டை. அதற்கு மேல் ஒருவர் சொன்னால், அதுவும் மாதாமாதம் மாறாமல் தருகிறேன் என்றால், குனிந்து உள்ளே வர விடக் கூடாது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பல வீடுகளில் முதல் என்று வெளியே எடுக்கப்படுவது ரொக்கம் அல்ல, மனைவியின் நகை. அது அவருடைய மஹராகவோ, பெற்றோர் போட்டதாகவோ இருக்கும். எப்படியானாலும் அவருடைய சொத்து. படியை நிர்ணயிக்கும் உரிமையும் அவருடையதே, கணவருடையதல்ல. பத்துப் பவுனை விற்றுக் கடைக்குப் போட்டால், அந்தப் பணத்துக்கு ஒப்பீடு எட்டரை சதவீதமோ பதினைந்தோ அல்ல. அந்தப் பத்துப் பவுன் பெட்டியிலேயே இருந்திருந்தால் இன்று என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் ஒப்பீடு. ஆகவே நகையைக் கேட்கும் முன் இரண்டில் ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். கடையில் அவர் பங்குதாரர் என்றால் லாபத்தில் அவருக்கு எத்தனை பங்கு என்று எழுத வேண்டும், நஷ்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு என்று முன்பே சொல்ல வேண்டும். பங்கு வேண்டாம், நகையாகவே கடன் தருகிறேன் என்றால், வாங்கியது பத்துப் பவுன் என்று எடையைக் குறித்துத் தேதியோடு எழுதி, சாட்சி வைத்து, அந்தக் காகிதத்தை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். நாளை பவுன் என்ன விலை விற்றாலும் திருப்பித் தர வேண்டியது பத்துப் பவுன்தான், விற்ற அன்று கையில் வந்த ரூபாய் அல்ல.